போன் நிரம்பிப் போன இரண்டு நாட்கள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன் — அவ்வளவுதான் செய்தேன்.

சரியான பதில் எப்படித் தப்பாகும் என்கிறீர்களா? அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன். கோபம் பெரும்பாலும் என் மேல்தான்.

வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி: பூண்டுலோயா பஸாரில் போன் கடை வைத்திருக்கிறேன். விற்பேன், திருத்துவேன், ரீலோட் போடுவேன். ஆனால் பகலில் பாதி நேரம் நான் செய்கிற வேலை வேறு — கேள்விகளுக்குப் பதில் சொல்வது.

எங்கள் பக்கத்துப் போன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டங்களில் பாதிப் பேர் கையில் இருப்பது கொழும்பில் ஓடித் தேய்ந்த போன். மகனோ மருமகளோ அங்கே வேலை செய்வார்கள். அவர்கள் புதிது வாங்கினால் பழையது தீபாவளிக்கு மலையேறும். ஊர் உலகமே மறந்துவிட்ட ஆரம்பகாலத்து ஸ்மார்ட்போன் எல்லாம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது! முகப்பில் ஒரு நிஜப் பட்டன், குறுக்கே ஒரு கீறல், உள்ளே எட்டு ஜீபீ. கொழும்பில் பென்ஷன் வாங்கிய போன் இங்கே வந்து மறுபடி வேலைக்குச் சேருகிறது.

அந்தப் போன்களோடு கேள்விகளும் வரும்.

"நானா, இடி இடிக்கிறப்ப டேட்டா போட்டிருந்தா போன் வெடிச்சிருமா?"

"நானா, பேஸ்புக்க அழிச்சிட்டேன். அதுல இருந்த ஆளுங்க எல்லாம் இப்ப எங்க இருப்பாங்க?"

"பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. நான் என்ன போட்டேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

கடைசிக் கேள்விக்குச் சில சமயம் எனக்கே பதில் தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு. போட்டுக் கொடுத்தது நான்தானே!

இன்னொரு கேள்வி தோட்டத்துப் பெண்களிடமிருந்து மட்டும் வரும். "விரல் வெச்சா போன் கேக்க மாட்டேங்குது." முதலில் போன்தான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். இருபது, முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல் — நுனி காய்த்து, வெடித்து, சாயம் ஏறிக் கறுத்துப் போயிருக்கும். அந்தத் தோலைத் தாண்டிப் போனுக்கு ஒன்றும் எட்டுவதில்லை. ஆகவே நான் சொல்லிக் கொடுத்த வழி: மோதிர விரலால் தொடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்துக்கு, மோதிர விரல் போனுக்கு.

அந்த வழியை என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் இந்திராணி அக்கா.

மேல்பிரிவில் கொழுந்து பறிக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. இங்கே லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில், அவரும், நெஞ்சு நோவுள்ள புருஷனும், மருமகளும், ஆறு மாதக் கைக்குழந்தையும். மகன் கொடுத்த போன்தான் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன். என்னைவிட மூத்தவர், ஆனாலும் முஸ்லிம் ஆண்களை நானா, அதாவது அண்ணன், என்று அழைக்கும் ஊர் வழக்கப்படி என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். நானும் விடாமல் அக்கா என்பேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

சம்பளம் போட்ட வாரம். கடையில் நிற்க இடமில்லை. இந்திராணி அக்கா இரண்டு பேருக்கு நடுவில் கையை நுழைத்துப் போனை நீட்டினார்.

"நானா, போட்டோ எடுக்க மாட்டேங்குது. நெறஞ்சிருச்சுன்னு வருது."

பார்த்தேன். ஸ்டோரேஜ் ஃபுல். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிற சங்கதி.

"தேவையில்லாத போட்டோவ எல்லாம் அழிச்சிடுங்க அக்கா. இங்க அமத்திப் பிடிச்சு, இந்தக் குப்பைத் தொட்டியத் தொட்டா முடிஞ்சுது."

"தேவையில்லாததா..." என்று இழுத்தார்.

"ஆமா. அடுத்தது யாரு?"

இதுதான் நான் சொன்ன சரியான பதில். பத்து விநாடிகூட ஆகவில்லை. அவர் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம், நல்ல மழை. கடையில் ஆள் இல்லை. அதே பை, அதே போன், அதே அக்கா. மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அக்கா, இன்னும் அழிக்கலையா? விரல் கேக்கலையா?"

"விரல் கேட்டுச்சு நானா. மனசு கேக்கல."

போனை வாங்கித் திறந்தேன். திறந்தால்... முருகன். தள்ளினால் பிள்ளையார். தள்ளினால் அம்மன். அப்புறம் மறுபடியும் முருகன், இந்த முறை ஒரு ரோஜாப் பூவோடு. ஆயிரக்கணக்கில் சாமி! திங்கட்கிழமைக்குச் சிவன், செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன், சனிக்கு ஆஞ்சநேயர். கோயில் குரூப், சொந்தக்காரர் குரூப், மருமகள் வீட்டுக் குரூப் — எல்லா இடத்திலிருந்தும் காலை வணக்கம் வந்து இறங்கியிருக்கிறது. பாதிப் படங்களில் சாமிக்குப் பக்கத்தில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை வேறு. தேயிலை மலைக்காரர்களுக்குக் காலையில் காபி நீட்டுகிற முருகனை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இவ்வளவுதானா விஷயம்? எல்லாத்தையும் ஒரே தட்டுல அழிச்சிடலாம் அக்கா."

அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நிஜமாகவே இழுத்துக்கொண்டார்.

"இந்தப் படம் என்ன நானா? குப்பைத் தொட்டிதானே?"

"அது சும்மா ஒரு அடையாளம்."

"அடையாளமோ என்னமோ, தொட்டி தொட்டிதானே? முருகனத் தூக்கி அதுல போடச் சொல்றீங்களா?"

"நெஜமா போடல அக்கா..."

"வெளக்கக்கூட நாங்க அணைன்னு சொல்ல மாட்டோம் நானா. குளிர வைன்னுதான் சொல்லுவோம். நீங்க சாமிய அழின்னு சொல்றீங்க. வீட்டுல கைக்கொழந்த இருக்கு, மனுசனுக்கு நெஞ்சு நோவு. நான் அத என் கையால செய்ய மாட்டேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. மறைப்பானேன்? இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மறுப்பை நான் கேட்டதில்லை. பிள்ளையின் படம், கல்யாணப் படம் என்று பிடிவாதம் பிடிப்பார்கள், சரி. காபிக் கோப்பைக்காக ஒரு போன் மூச்சு முட்டிக் கிடக்க வேண்டுமா?

எரிச்சலில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"சரி, அப்பிடி என்ன போட்டோ எடுக்கணும் உங்களுக்கு? என்ன அவசரம்?"

"வெடிப்பு நானா."

"என்ன வெடிப்பு?"

அப்போதுதான் சொன்னார். அவருடைய லயத்துக்குப் பின்னால், அடுப்படியிலிருந்து பத்தடி மேலே, மண் வெடித்திருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நீளமாக ஓடுகிறதாம். மண்சரிவைக் கவனிக்கிற அரசாங்கக் காரியாலயத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து பார்த்திருக்கிறார். வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து, நடுவில் அளவு பார்க்க ஓர் அடிமட்டத்தை வைக்கச் சொல்லி, இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அன்றைக்கே உங்களை வேறிடத்துக்கு மாற்றுவோம்.

லயத்தில் எட்டுக் குடும்பம். பொறுப்பை எடுத்துக்கொண்டவர் இந்திராணி அக்கா. மற்றவர்களிடம் இருந்தது ஒரு பட்டன் போன், கெமரா செத்துப்போன இன்னொரு போன், அப்புறம் வாய். "போட்டோக்காரி வர்றா, தள்ளி நில்லு" என்று கேலி. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும், "வருசா வருசம் மழைக்கு வெடிக்கிறதுதான், நீ ஏன் பயம் காட்டுற?" என்றாராம்.

ஆனாலும் அவர் விடவில்லை. பதினொரு நாள். விடிந்தும் விடியாமலும், பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னால், அதே கல்லின் மேல் ஏறி நின்று ஒரு படம். பன்னிரண்டாம் நாள் காலையில் போன் மாட்டேன் என்றுவிட்டது. அது திங்கட்கிழமை.

"நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. கண்ணுக்கு நல்லாவே தெரியுது நானா, விரிஞ்சிருக்கு. போன் போட்டுச் சொன்னா அவங்க ஆபிசுல, படத்த அனுப்புங்க பாப்பம்ங்கறாங்க."

கடைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். 'அடுத்தது யாரு' என்று நேற்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டது.

"ஒரு காரியம் செய்வோமா?" என்று அவரே ஒரு வழி சொன்னார். "நீங்க எங்க சாமியக் கும்புடாதவரு. நீங்க அழிச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். சுருக்கா அழிச்சிடுங்க."

சொன்னபடியே தெருவைப் பார்த்துத் திரும்பியும் நின்றுகொண்டார்.

கை போனது. அமத்திப் பிடித்தேன். எல்லாவற்றையும் தெரிவு செய்தேன். குப்பைத் தொட்டி வந்தது. ஒரு தட்டு மிச்சம்.

தட்டவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்லத்தானே வேண்டும்? என் மேசை மேலே என் போன் கிடந்தது. அதுவும் நான்கு மாதமாக 'இடமில்லை' என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே என்ன? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்த ஜும்ஆ முபாரக் வாழ்த்துப் படங்கள். ஒவ்வொன்றிலும் குர்ஆனிலிருந்து ஓர் ஆயத்து. அதை அந்தத் தொட்டியில் போட எனக்குக் கை வரவில்லை! ஊருக்கெல்லாம் அழி, அழி என்று சொல்கிறவன், தன் போனில் ஒரு படம் அழிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குள்ள கூச்சம் அக்காவுக்கு இருக்கக் கூடாதா?

"அக்கா, இங்க திரும்புங்க. உங்க கோயில்ல பழைய சாமிப் படம், கிழிஞ்ச கலண்டர் எல்லாம் என்ன செய்வீங்க?"

"மரத்தடியில கொண்டு வெப்போம். இல்லேன்னா ஆத்துல விடுவோம். ஏன்?"

"எங்க பள்ளிவாசல்ல கிழிஞ்ச ஓதுற தாளையெல்லாம் சேத்து வெச்சு, கால் படாத எடத்துல பொதைப்போம். குப்பையில போட மாட்டோம்."

"அப்ப உங்களுக்கும் தெரியுதுல்ல?" என்றார். அதில் ஒரு குத்தல் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

"அழிக்க வேணாம். எடம் மாத்துவோம்."

கடையில் இருந்த ஒரு மெமரி கார்டை எடுத்தேன். அவர் போனில் கார்டு போடும் இடம் எப்போதோ மழையில் துருப்பிடித்து அடைத்துப் போயிருந்தது. போனைக் கம்ப்யூட்டரில் சொருகி, சாமிகளை அதற்குள் கூட்டி வந்து, அங்கிருந்து கார்டுக்கு அனுப்ப வேண்டும். பழைய போன், பழைய வயர். நடுவில் இரண்டு தடவை நின்றுபோனது. இரண்டு தடவையும் முதலிலிருந்து தொடங்கினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் நகர்கிற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க நெருக்கடி இல்லாம இருப்பாங்களா நானா?"

"முப்பத்திரண்டு ஜீபீ அக்கா. நாலு மடங்கு பெரிய வீடு."

நாற்பது நிமிடம். கைலாயத்திலிருந்து பழனி வரைக்கும் அத்தனை பேருக்கும் மாற்று வீடு கிடைத்துவிட்டது. எட்டுக் குடும்பத்து மனிதர்கள்தான் பாக்கி. அக்கா கார்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு மழையில் இறங்கிப் போனார்.

புதன்கிழமை காலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. உத்தியோகத்தருக்கு அனுப்பியதை எனக்கும் அனுப்பியிருந்தார். நல்லவேளை, அந்த ஒரு படத்துக்கு என் போனில் இடமிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அடிமட்டம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டே முக்கால் அங்குலம்.

இரண்டைத் தாண்டினால் அன்றைக்கே என்றாரே? அன்றைக்கு யாரும் வரவில்லை. வியாழன் காலை இன்னொரு படம். அன்றைக்கும் வரவில்லை. பின்னேரம் அக்கா கடைக்கு வந்தார். இந்த முறை கேள்வி வேறு.

"நானா, ரெண்டு கோடு விழுது. நீலமாக மாட்டேங்குது. அவரு பாக்காம இருக்காரா, பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்காரா?"

இது நாடு முழுக்கக் கேட்கப்படுகிற கேள்வி. காதலர்கள் கேட்பார்கள், கடன்காரர்கள் கேட்பார்கள். என்னிடம் இதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு — சிலர் நீலக்கோடு தெரியாமல் மறைத்து வைத்திருப்பார்கள், கவலைப்படாதீர்கள். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் இரண்டாவது சரியான பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உத்தியோகத்தரின் நம்பருக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

"நாளைக்கு நேர்ல போவம் அக்கா."

"நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்" என்றார். "நாளைக்கு மலைக்குப் போகல. ஒரு நாள் பேரும் சம்பளமும் போனா போகட்டும். உங்களுக்குச் சிங்களம் நல்லா வருமே, கூட வர்றீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. ஜும்ஆவைக் காரியாலயம் இருக்கிற ஊர்ப் பள்ளியில் தொழுதுகொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு பஸ் மாறினோம். வழியெல்லாம் மழை, வழியெல்லாம் ரோட்டோரத்தில் சிவப்பு மண். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். நான்தான் பதற்றத்தில் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். உத்தியோகத்தரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சிங்களத்தில் வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக்கொண்டேன். 'மாத்தயா', அதாவது ஐயா, என்று ஆரம்பித்து மூன்று நிமிடம் பேசத் தயாராக இருந்தேன்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மேசை முழுக்கக் கோப்புகள், கண்ணில் தூக்கமில்லை. போனை எடுத்துக் காட்டினார். மலைப் பக்கத்தில் எங்கெங்கோ வெடிக்கிற மண்ணெல்லாம் அந்த ஒரு போனுக்குள் வந்து நிற்கிறது. அக்காவின் படம் எங்கேயோ அடியில் கிடந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் அக்கா பேசிவிட்டார். சிங்களத்தில்! பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்து பழகிய சிங்களம். இலக்கணம் எப்படியோ, தயக்கம் இல்லை. "மாத்தயா, உங்களுக்கு எல்லாப் படத்தையும் தேட நேரமில்லை. நான் வரிசையாக் காட்டுறேன், நீங்க பாத்தா மட்டும் போதும்" என்றார்.

போனை அவர் முன்னால் மேசையில் வைத்தார். மோதிர விரலால் தள்ளத் தொடங்கினார்.

அந்தப் போனில் இப்போது வேறு படமே இல்லை. முதல் நாள் வெடிப்பு, இரண்டாம் நாள் வெடிப்பு, மூன்றாம் நாள்... ஒரே கல், ஒரே கோணம், ஒரே உயரம். விரல் வேகம் எடுத்தது. பதினான்கு படமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியபோது, மண் எங்கள் கண் முன்னாலேயே வாயைத் திறந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர், "மறுபடி காட்டுங்க" என்றார். மறுபடி காட்டினார்.

உத்தியோகத்தர் மட்டும் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். முன்னாலும் பின்னாலும் தள்ளிப் பார்த்தார்.

"பதினொரு நாளில் அரை அங்குலம்தான் கூடியிருக்கிறது. இதற்கும் இதற்கும் நடுவில் திடீரென்று ஓர் அங்குலத்துக்கு மேல். நடுவில் இரண்டு நாள் படமே இல்லையே! அது கிடைத்திருந்தால் அன்றைக்கே வந்திருப்போமே. என்ன நடந்தது அந்த இரண்டு நாளும்?"

என் காது சூடாகிவிட்டது. அதுதான் பதில் சொல்ல வேண்டிய நேரம். மூன்று நிமிடச் சிங்களத்தை அடுக்கி வந்த நான் மேசையிலிருந்த கோப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"போன் நிரம்பிப் போச்சு மாத்தயா" என்றார் அக்கா. "கடைக்குக் கொண்டு போனேன். கடையில கூட்டமா இருந்துச்சு."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உத்தியோகத்தர் எழுந்து நின்றபடியே மூன்று இடங்களுக்குப் போன் செய்தார். ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்து லொறி லயத்து வாசலில் நின்றது. எட்டுக் குடும்பமும் பானை சட்டியோடு தோட்டத்துப் பழைய பிள்ளை மடுவத்துக்கு — தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்தக் கட்டடத்துக்கு — போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் லொறிக்கு முன்னால் நின்று ஏற்பாடு செய்தார். எல்லாம் தன் முயற்சி என்றுகூடச் சொன்னாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். "ஒரு வெடிப்பப் படம் புடிச்சு எங்க காம்பராவ விட்டே தொரத்திட்டா" என்று. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடுவத்திலிருந்து தினமும் காலையில் மழையில் ஏறிப் போய், அதே கல்லில் நின்று, படம் எடுத்து அனுப்பினார்.

எட்டாம் நாள், பட்டப்பகல். எனக்கு ஒரு படம் வந்தது. வழக்கமாகக் காலையில் வருவது அன்று ஒன்றரை மணிக்கு வந்தது. கல் இல்லை. முளை இல்லை. அடிமட்டம் இல்லை. லயத்தின் கோடியில் இருந்த மூன்று காம்பராக்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் கூரை உயரத்துக்குச் சிவப்பு மண், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகரம். அந்த மூன்றில் நடுக் காம்பரா இந்திராணி அக்காவுடையது. அந்த நேரத்தில் வழக்கமாக உள்ளே யார் இருப்பார்கள்? நெஞ்சு நோவுக்காரரும், மருமகளும், தொட்டிலில் குழந்தையும்.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் மடுவத்தில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் கடையில் உட்கார்ந்து அழுதேன். சார்ஜர் வாங்க வந்த மனிதர் பயந்துபோய், அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். போன் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வியை நாம் எவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறோம்! எந்தப் பட்டனை அமத்துவது என்று கேட்டால் பட்டனைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறோம். எதற்காக அமத்தப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. நான் இப்போது கேட்கிறேன். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் கேட்கிறேன். வாடிக்கையாளர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "ஏன் நானா, போன் திருத்தித் தர்றதுக்கு வாக்குமூலம் எடுக்கிறீங்க?" என்கிறார்கள். எடுக்கத்தான் செய்வேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

எட்டுக் குடும்பமும் இன்னும் அந்த மடுவத்தில்தான் இருக்கின்றன. ஒரே மண்டபம், நடுவில் சேலைகளால் சுவர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். இரண்டு வாரத்தில் மாற்றுக் காணி தருவோம் என்றார்கள். இரண்டு வாரம் போய், மூன்றாவதும் போய்விட்டது. காரியாலயத்தில் கேட்டால் தோட்டத்தில் கேள் என்கிறார்கள், தோட்டத்தில் கேட்டால் காரியாலயத்தில் கேள் என்கிறார்கள்.

இந்திராணி அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தினமும் விடிந்தவுடன், பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், மடுவத்து வாசல்படியில் ஏறி நிற்கிறார். உள்ளே ஒரு படம் எடுக்கிறார். வரிசையாகப் படுத்திருக்கிற எட்டுக் குடும்பம். ஒரே படி, ஒரே கோணம், ஒரே உயரம். உத்தியோகத்தருக்கு அனுப்புகிறார், அவருடைய மேலதிகாரிக்கு அனுப்புகிறார், தோட்டத்தை நடத்துகிற துரைக்கும் அனுப்புகிறார். ஒரு நாள் தவறவில்லை.

"எத்தன நாளைக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"காணிய அளந்து கல்லு போடுற வரைக்கும் நானா" என்றார். "அன்னைக்கு அந்தக் கல்லுல ஏறி நின்னு ஒண்ணு எடுப்பேன். அதோட நிறுத்திடுவேன்."

போன புதன்கிழமை கடைக்கு ஓர் அழைப்பு வந்தது. அதே உத்தியோகத்தர். பாவம், நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். போனைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் என்றார். ஒரு குறிப்பிட்ட ஆள் தினமும் அனுப்புகிற படங்கள் நம் போனில் வந்து விழாமல் தடுக்க ஏதாவது வழி இருக்கிறதா முதலாளி என்று கேட்டார்.

இருக்கிறது. மூன்று தட்டு, ஐந்து விநாடி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் கொடுப்பேன்.

"அப்படி ஒரு வழி எனக்குத் தெரியாது மாத்தயா" என்றேன்.